புத்தாண்டில் உடைக்கு என்ன தீர்மானம் எடுக்கலாம்? அழுக்குக் கூடையிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் "இந்த வருஷமாவது நன்றாக உடுத்த வேண்டும்" என்று தீர்மானம் எடுக்கிறீர்கள், அலமாரியை ஒழிக்கிறீர்கள், புதிதாக நாலைந்து வாங்குகிறீர்கள், மார்ச் வருவதற்குள் பழைய நாலு உடுப்பையே மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்துவிடுகிறீர்கள். அலமாரி நிறையத் துணி, ஆனால் போட எதுவும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. இரண்டு வருஷத்தில் உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறது, பழைய பேண்ட்கள் இடுப்பில் ஏறவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. விலைச்சீட்டு கழற்றாத உடைகள் நாலு தொங்குகின்றன. இந்த முறை எடுக்கிற தீர்மானம் நிலைக்க என்ன செய்வது, தனக்கென்று ஒரு ஸ்டைல் எப்படி அமையும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருபது வருஷத்துக்கும் மேலாகத் துணி வெட்டித் தைக்கிறேன். அதைவிட அதிகமாக, மற்றவர்கள் தைத்ததைப் பிரித்து ஆல்ட்ரேஷன் செய்து கொடுக்கிறேன். ஒருவருடைய உடையை உள்பக்கம் திருப்பிப் பார்க்கிற வேலை இது. எங்கே நைந்திருக்கிறது, எந்தப் பட்டன் மூன்று தடவை மாற்றித் தைக்கப்பட்டிருக்கிறது, எது ஒரு நாளும் உடம்பில் ஏறவே இல்லை என்பதெல்லாம் கையில் எடுத்தவுடன் தெரிந்துவிடும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்களுக்கு ஸ்டைல் ஏற்கெனவே இருக்கிறது, துவைக்கப் போட்ட கூடையில் கிடக்கிறது. மார்ச்சில் திரும்ப எடுத்துப் போடுகிறீர்களே அந்த நாலு உடுப்பு, அதை நீங்கள் தோல்வி என்று நினைக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் உருப்படியாகப் பட்ட தகவல் அதுதான். அவசரமான காலையில், யாரும் பார்க்காதபோது, கை தானாக எதை எடுக்கிறதோ அது உங்கள் உடம்புக்கும் உங்கள் நாளுக்கும் பொருந்திய உடை. அது ஏன் பொருந்துகிறது என்று கண்டுபிடித்து, அந்தக் குணம் உள்ள உடையாக மற்றவற்றை மெல்ல மாற்றுவதுதான் இந்த வருஷ வேலை. அலமாரியை ஒழிப்பதும் கடைக்குப் போவதும் அதற்குப் பிறகுதான்.

ஆகவே முதல் தீர்மானம் இது: மார்ச் முடியும்வரை எதையும் வாங்குவதில்லை, எதையும் கழிப்பதில்லை, குறித்து வைப்பது மட்டும். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். போனில் குறிக்கலாம்தான், ஆனால் உடை மாற்றுகிற நேரத்தில் போன் கையில் இருக்காது, ஒரு வாரத்தில் விட்டுப்போகும். ராத்திரி உடையைக் கழற்றும்போது ஒரே வரி எழுதுங்கள்: என்ன போட்டேன், நாள் முழுக்க எது உறுத்தியது அல்லது எது சுகமாக இருந்தது, காலையில் எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். இந்த மூன்றாவது விஷயத்தைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஒரு பெண் இப்படிக் குறித்துக்கொண்டு வந்த தாளைப் பார்த்திருக்கிறேன். அதில் "பச்சைச் சட்டை, வைத்துவிட்டேன்" என்று ஆறு இடத்தில் இருந்தது. சட்டை அழகானது, நிறம் அவருக்கு நன்றாகப் பொருந்தும். போட்டுக்காட்டச் சொன்னேன். நிற்கும்போது குறையில்லை, கையை முன்னால் நீட்டியதும் முதுகில் இழுத்துப் பிடித்தது. நாள் முழுக்கக் கணினி முன் கை நீட்டி வேலை செய்கிறவர் அவர். சட்டையில் என்ன கோளாறு என்று அவர் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை, ஆனால் கைக்குத் தெரிந்திருக்கிறது, எடுத்து எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறது.

எத்தனை நாள் இதைச் செய்வது என்றால், மூன்று மாதம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பழக்கம் 21 நாளில் ஒட்டிக்கொள்ளும் என்று பரவலாகச் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லேலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு செயல் தன்னிச்சையாக நடக்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்குக் கணக்குப்படி 254 நாள்வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது என்பதும் அதில் தெரிந்தது. "நன்றாக உடுத்துவேன்" என்பது தீர்மானமே இல்லை, அது ஆசை. "ராத்திரி உடையைக் கழற்றியதும் ஒரு வரி எழுதுவேன்" என்பதை மறுநாளே செய்துவிடலாம், செய்தோமா இல்லையா என்று தெரியும். தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டால்தான் பழக்கம் நிற்கும், உடை கழற்றாத நாள் கிடையாது.

வாங்காதீர்கள் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? பிரெஞ்சு அறிஞர் டெனி டிடெரோவுக்கு 18ஆம் நூற்றாண்டில் நடந்ததுதான் உங்களுக்கு ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அவருக்கு அழகான புது சிவப்பு மேலங்கி ஒன்று கிடைத்தது. அதைப் போட்டதும் அறையில் இருந்த பழைய நாற்காலி, மேசை, சுவர்ப்படம் எல்லாம் மட்டமாகத் தெரிய ஆரம்பித்து, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போய், கடைசியில் பழைய அங்கியை நினைத்து வருந்தி எழுதினார். 1988இல் கிரான்ட் மெக்கிராக்கன் என்ற மானிடவியலாளர் இதற்கு "டிடெரோ விளைவு" என்றே பெயர் வைத்தார். உடையில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஒரு புதுச் சட்டை வந்தால் அதற்குப் பொருந்துகிற பேண்ட் இல்லை, பேண்ட் வந்தால் ஷூ ஒத்துவரவில்லை. ஏற்கெனவே நீங்கள் போட்டுக்கொண்டிருக்கிற நாலு உடுப்போடு சேராத எதுவும் வீட்டுக்குள் வந்தால் தனியாகத்தான் நிற்கும், கூடவே இன்னும் இரண்டைக் கேட்கும். அந்த நாலு விலைச்சீட்டு உடையும் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். எடுத்து உங்கள் வழக்கமான பேண்ட் மேல் வைத்துப் பாருங்கள்.

சரி, குறித்தாயிற்று. பிறகு என்ன? அந்த நாலு உடுப்பையும் துவைத்து, சமமான இடத்தில் விரித்துப் போட்டு, டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சட்டைக்குத் தோளுக்குத் தோள், அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே மார்பகலம், கை நீளம், பின்கழுத்திலிருந்து கீழ்வரை நீளம், காலர் சுற்றளவு. பேண்டுக்கு இடுப்பு, முன்பக்கம் பெல்ட் பட்டியிலிருந்து கால் பிரிகிற இடம் வரையான உயரம், தொடை அகலம், உள்கால் நீளம், கீழ் வாய். இந்தப் பத்து எண்ணும் போனில் இருந்தால் இனி எங்கே வாங்கினாலும் "மீடியமா லார்ஜா" என்று தடுமாற வேண்டாம். சீட்டில் இருக்கிற அளவு எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியில் இரண்டு மாடலுக்கே மாறும். டேப் மாறாது. பேண்ட் விஷயத்தில் எல்லாரும் இடுப்பை மட்டும் பார்க்கிறார்கள், நான் பார்த்தவரை ஒரு பேண்ட் சுகமாக இருப்பதும் இல்லாமல் போவதும் அந்த முன்பக்க உயரத்தில்தான் இருக்கிறது. அரை அங்குலம் குறைந்தாலும் உட்காரும்போது வயிற்றை அறுக்கும். உடம்பு போட்டவர்கள் இடுப்பு அளவைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, உயரம் கூடின பேண்ட் எடுத்தால் பல தடவை பழைய இடுப்பு அளவே போதுமானதாக இருக்கும்.

கண்ணாடி முன் நின்று பார்ப்பது மட்டும் போதாது. உட்காருங்கள், இரண்டு கையையும் தூக்குங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டுவதுபோல் செய்யுங்கள். துணியில் குறுக்காகக் கோடு கோடாகச் சுருக்கம் விழுந்தால் அந்த இடம் இறுக்கம், நெடுக்காகத் தொய்ந்து மடிப்பு விழுந்தால் தளர்வு. பக்கவாட்டுப் பாக்கெட் காது மாதிரி விரிந்து நின்றால் பின்பக்கம் போதவில்லை. மார்பில் இரண்டு பட்டனுக்கு நடுவில் வாய் திறந்தால் அளவு போதவில்லை, உள்பக்கம் ஊக்கு குத்திச் சமாளிக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால் தோள். தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். அங்கே தப்பினால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள், ஏனென்றால் தோளைக் குறைப்பதற்குக் கையைப் பிரித்து, கைக்குழியை மறுபடி வெட்டி, கையைத் திரும்ப ஏற்ற வேண்டும். பாதிச் சட்டையை மறுபடி தைக்கிற வேலை அது, அப்படிச் செய்தும் திருப்தியாக வருவது அபூர்வம். பக்கம் பிடிப்பது, கை நீளம் குறைப்பது, பேண்ட் கீழ் மடிப்பு ஏற்றுவது, இடுப்பு பிடிப்பது எல்லாம் சாதாரண வேலைகள், தயங்காமல் கொடுங்கள். அவ்வளவாகப் பிடிக்காத ஒரு சட்டையில் பக்கத்துக்கு ஓர் அங்குலம் பிடித்தாலே அது உங்கள் ஐந்தாவது உடுப்பாக ஆகிவிடுகிற வாய்ப்பு உண்டு.

இங்கே ஒரு சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிர் நீலப் பருத்தி, ஒருவர் ஒன்பது வருஷம் போட்டது. உடம்புப் பாகம் முழுக்க நன்றாக இருக்கிறது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கிறது, காலர் மடிப்பின் விளிம்பு மட்டும் நைந்து, உள்ளே இருக்கிற வெள்ளைக் கேன்வாஸ் தெரிய ஆரம்பித்துவிட்டது. "இதே மாதிரி இன்னொன்று எங்கேயும் கிடைக்கவில்லை" என்று கொண்டுவந்தார். அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, காலரைத் திருப்பிப் போடுவது. காலரும் கழுத்துப் பட்டியும் சேர்கிற தையலை மட்டும் பிளேடு முனையால் ஒவ்வொரு கண்ணாக அறுத்துக் காலரைத் தனியே எடுத்தேன். கழுத்துப் பட்டி சட்டையோடு அப்படியே இருந்தது. எடுத்த காலரை மடித்து நடுவில் குண்டூசி குத்தி அடையாளம் வைத்து, அடிப்பக்கம் மேலே வருமாறு புரட்டி, பட்டியின் இரண்டு அடுக்குக்கும் நடுவில் திரும்பச் செருகி, நடு அடையாளத்திலிருந்து இரண்டு பக்கமும் ஊசி குத்தி, பழைய ஓட்டை வரிசையிலேயே தையல் ஓட்டினேன். இத்தனை வருஷம் வெளிச்சம் படாத அடிப்பக்கம் மேலே வந்ததால் காலர் மட்டும் கொஞ்சம் கூடுதல் நீலமாகத் தெரிந்தது. நாலு தடவை துவைத்ததும் அது சமமாகிவிட்டது என்று பிறகு சொன்னார். எல்லாக் காலரிலும் இது முடியாது, அடியில் குச்சி செருகுகிற பை உள்ள காலரைத் திருப்பினால் அந்தப் பை வெளியே தெரியும். அவர் சட்டையில் அது இல்லை. அந்தச் சட்டையின் அளவை வைத்தே அவருக்கு அதற்குப் பிறகு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தேன். அவருடைய ஸ்டைல் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த நீலச் சட்டையைத்தான் காட்டுவேன்.

பழுதுபார்ப்பதில் நீங்களே செய்யக்கூடியது பட்டன். ரெடிமேட் உடைகளில் பட்டனை மெஷின் பெரும்பாலும் ஒற்றை நூல் சங்கிலித் தையலில் போடும், வால் நூலைப் பிடித்து இழுத்தால் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். புது உடை வந்த அன்றே ஒவ்வொரு பட்டனிலும் ஊசி நூலால் இரண்டு குத்து போட்டு முடிச்சிட்டு வையுங்கள், கால் மணி நேர வேலை. கழன்றதை மறுபடி தைக்கும்போது பட்டனுக்கு மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதன் மேலாக நூலை ஓட்டுங்கள். குச்சியை உருவியபின் பட்டனைத் தூக்கிப் பிடித்து, அடியில் நூலை நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். அந்தச் சின்னக் காம்பு இருந்தால்தான் காஜா பக்கத்துத் துணி நசுங்காமல் உட்காரும். இதையும் தீர்மானத்தில் சேர்க்கலாம்: பட்டன் போன உடை, தையல் விட்ட உடை அலமாரிக்குத் திரும்பப் போகக்கூடாது, தனியாக ஒரு கொக்கியில் தொங்க வேண்டும். திரும்ப அலமாரிக்குள் போனால் அது ஒரு வருஷம் அங்கேயே இருக்கும், காலையில் எடுத்துப் பார்த்து வைக்கிற துணி இன்னும் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

அடுத்தது துணி ரகம். அந்த நாலு உடுப்பின் உள்சீட்டைப் படித்து எழுதுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு ஒற்றுமை தெரியவரும். பருத்தி சாதாரண ஈரப்பதத்தில் தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தை இழைக்குள் வைத்துக்கொள்ளும், கம்பளி அதைப்போல் இரண்டு மடங்கு, பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடக் கிடையாது. வியர்க்கிற ஆளுக்கு இந்த ஒரு வித்தியாசமே உடையைத் தள்ளிவைக்கப் போதும். வாடையும் அப்படித்தான். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரைக் கடுமையாக உடற்பயிற்சி செய்யவைத்து, அவர்கள் டீ-ஷர்ட்களை ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்து சோதித்தார்கள். பருத்தியைவிடப் பாலியெஸ்டரில்தான் வாடை மோசமாக இருந்தது, வாடையை உண்டாக்குகிற சில பாக்டீரியாக்கள் அந்த இழையில் நன்றாக வளர்ந்திருந்தன. இது 2014இல் வெளியானது. ஆனால் பாலியெஸ்டரே ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். கசங்காது, சீக்கிரம் காயும், நிறம் நிற்கும், மழையில் அலைகிற வேலைக்கு அதுதான் சௌகரியம். பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் ஒரு தொல்லை உண்டு. உரசலில் வெளியே வருகிற குட்டி இழைகள் உருண்டை கட்டும், சுத்தப் பருத்தியில் அந்த உருண்டை காலப்போக்கில் உதிர்ந்துவிடும், கலப்பில் பாலியெஸ்டர் இழை கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உதிராமலே நிற்கும். அக்குளிலும் தொடையிலும் உருண்டை உருண்டையாக நிற்கிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

துவைப்பதிலும் ஒரு தீர்மானம் வேண்டும், ஏனென்றால் உடையைப் போட்டுக் கெடுப்பதைவிடத் துவைத்துக் கெடுப்பதுதான் அதிகம். சீட்டில் இருக்கிற படங்களைப் படிக்கப் பத்து நிமிஷம் போதும். தண்ணீர்த் தொட்டி துவைப்பதற்கு, உள்ளே 30, 40 என்று இருந்தால் தண்ணீர் அதற்கு மேல் சூடாகக்கூடாது. தொட்டிக்குக் கீழே ஒரு கோடு இருந்தால் மென்மையாக, இரண்டு கோடு இருந்தால் இன்னும் மென்மையாக. முக்கோணம் பிளீச், சதுரத்துக்குள் வட்டம் மெஷினில் உலர்த்துவது, வெறும் வட்டம் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்வது, குறுக்கே பெருக்கல் குறி போட்டிருந்தால் அது கூடாது. இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு என்றால் நடுத்தரச் சூடு, மூன்று என்றால் அதிகச் சூடு. இழுவை கொடுக்கிற ஜீன்ஸில் இருக்கும் எலாஸ்டேன் இழைக்குச் சூடும் குளோரின் பிளீச்சும் பரம எதிரி. முட்டியில் தொங்கிப்போய்த் திரும்பாத ஜீன்ஸ் பல இப்படிச் சூட்டில் உலர்த்தப்பட்டவை. கம்பளி இழையின் மேல் செதில் செதிலாக இருக்கும், சூடும் ஈரமும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கட்டியாகிவிடும், திரும்ப விரியாது. பருத்தி சுருங்குவது வேறு விதம். நெய்யும்போதும் பிறகும் இழுத்துப் பிடித்த இழை தண்ணீரில் பட்டதும் தளர்ந்து தன் நீளத்துக்குத் திரும்புகிறது. இதற்காகத்தான் சான்ஃபோர்ட் குளுவெட் என்பவர் 1930 வாக்கில் துணியை வெட்டுவதற்கு முன்பே சுருக்கிவிடுகிற முறையைக் கொண்டுவந்தார், "சான்ஃபரைஸ்டு" என்கிற பெயர் அவரிடமிருந்து வந்தது. அப்படிச் செய்யாத துணி 3 சதவீதம் சுருங்கினால் 40 அங்குலப் பேண்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். ஆகவே புதுப் பேண்டை ஒரு தடவையாவது துவைத்துக் காயவைத்த பிறகுதான் கீழ் மடிப்பு அடிக்கக் கொடுக்க வேண்டும். வாங்கிய அன்றே அடிக்கச் சொல்லி, ஒரு மாதத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறிப்போய் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணி எண்ணிக் குறைத்து வைத்துக்கொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றோடொன்று சேர்கிற கொஞ்ச உடைகளை மட்டும் வைத்துக்கொள்கிற கேப்ஸ்யூல் அலமாரி என்ற யோசனை 1970களில் லண்டனில் கடை வைத்திருந்த சூசி ஃபோவிடமிருந்து வந்தது, 1985இல் அமெரிக்க வடிவமைப்பாளர் டோனா கேரன் ஏழே உருப்படிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போடும்படி கொண்டுவந்தார், 2010இல் அமெரிக்க எழுத்தாளர் கோர்ட்னி கார்வர் மூன்று மாதத்துக்கு 33 உருப்படி என்று தொடங்கியது இன்றுவரை ஓடுகிறது. யோசனை நல்லதுதான். ஐந்து சட்டையும் நாலு பேண்டும் எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்தால் இருபது ஜோடி வரும், இரண்டு சட்டை இரண்டே பேண்டோடுதான் சேரும் என்றால் பதினாறாகிவிடும். ஆகவே உருப்படியின் எண்ணிக்கையைவிடச் சேர்மானம் முக்கியம். யாரோ சொன்ன 33ஐப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை ஒன்று, கறுப்புக் கோட்டு ஒன்று என்று பட்டியலைப் பார்த்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, வெள்ளைச் சட்டை ஒரு நாளும் போடாதவருக்கு அது இன்னொரு விலைச்சீட்டு உடை. உங்கள் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீட்டில் வேலை, இரண்டு நாள் ஓய்வு. உங்கள் அலமாரியும் ஏறக்குறைய அந்தக் கணக்கில் இருக்கிறதா? பலருக்கு அலுவலக உடை முப்பது இருக்கும், வீட்டில் போடுவதற்கு நைந்துபோன டீ-ஷர்ட் மூன்று. வாழ்கிற நேரத்தில் பாதிக்கு மேல் அந்த மூன்றில்தான் போகிறது. வீட்டு நாளுக்கு நல்லதாக இரண்டு ஜோடி ஒதுக்குவதையே நான் உங்கள் இடத்தில் இருந்தால் வருஷத்தின் முதல் செலவாக வைப்பேன்.

நிறத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். அடிக்கடி போடுகிற பேண்ட்களின் நிறம் எது என்று பாருங்கள், புதிதாக வருகிற எந்த மேல்சட்டையும் அவற்றில் குறைந்தது மூன்றோடு சேர வேண்டும். கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாமல் பகல் வெளிச்சத்தில் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். அவ்வளவு போதும்.

மார்ச்சுக்குப் பிறகு வாங்கலாம். வாங்கும்போது விலையை, அதை எத்தனை தடவை போடுவீர்களோ அதால் வகுத்துப் பாருங்கள். மூன்று மடங்கு விலை கொடுத்து நூறு தடவை போடுகிற பேண்ட், மலிவாக வாங்கிப் பத்து தடவை போட்டு விடுகிற பேண்டைவிடத் தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் ஆகும். விலை கூடினாலே நீடிக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை, உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள், கோடு போட்ட துணியானால் பக்கத் தையலில் கோடு கோடோடு சேர்கிறதா என்று பாருங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெசவு அடர்த்தியாக இருக்கிறதா என்று பாருங்கள். பொருள்களை வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று உழைக்கிற எலன் மெக்ஆர்தர் ஃபவுண்டேஷன் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்தைய 15 வருஷத்தில் உலகில் உடை உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானது, ஒரு உடையைக் கழிப்பதற்கு முன் போடுகிற தடவையோ 36 சதவீதம் குறைந்தது. என் மேசைக்கு வருகிற துணியிலேயே இது தெரிகிறது. முன்பெல்லாம் நைந்து வரும், இப்போது பட்டன்கூடத் திறக்காமல் வருகிறது. அதை நெய்தவர் தைத்தவர் உழைப்பையெல்லாம் நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

இனி அந்த நாலு விலைச்சீட்டு உடை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒவ்வொன்றையும் ஒரு முழு நாள் போடுங்கள், முதலில் வீட்டில் வேலை பார்க்கிற நாளில். மாலைவரை கழற்றத் தோன்றவில்லை என்றால் வைத்துக்கொள்ளலாம். உறுத்திய இடம் ஆல்ட்ரேஷனில் சரியாகுமா என்று பாருங்கள், தோள் என்றால் விட்டுவிடுங்கள். சரிப்படாததைத் தெரிந்த யாருக்காவது, அளவு கேட்டுப் பொருந்துகிறவருக்காகப் பார்த்துக் கொடுங்கள், மூட்டையாகக் கட்டி எங்கேயோ போட்டுவிட வேண்டாம், போடப்படாமல் இன்னொரு மூலையில்தான் அது கிடக்கும்.

ஏறாத பேண்ட்கள் விஷயத்தில், அவற்றைத் தினம் கண்ணில் படுகிற இடத்திலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கதவைத் திறந்ததும் "உன்னால் என்னைப் போட முடியாது" என்று சொல்கிற துணி ஒன்று முகத்துக்கு நேரே தொங்கினால், மற்ற உடையை எடுக்கிற சந்தோஷமும் போய்விடும். உடம்பு மாறுவது இயல்பு, உடைதான் அதற்கேற்ப மாறிக்கொள்ள வேண்டும். எடுத்ததும் ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி, பின்பக்க நடுத் தையலைப் பாருங்கள். ஃபார்மல் பேண்ட்களில் அங்கே இரண்டு பக்கமும் துணி விட்டுத் தைத்திருப்பார்கள். பக்கத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தால் இடுப்பில் மொத்தமாக ஓர் அங்குலமாவது, சிலதில் ஒன்றரை அங்குலம்வரை பிரித்துவிடலாம். ஜீன்ஸில் அந்த இடத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டிருப்பதால் விட ஒன்றும் இருக்காது. அப்படித் துணி விட்டுத் தைத்தவற்றில் உங்களுக்கு நிஜமாகப் பிடித்த இரண்டை மட்டும் முதலில் கொடுங்கள். பிரித்த இடத்தில் பழைய தையல் கோடு கொஞ்ச நாள் தெரியலாம், அடர் நிறத்தில் கூடுதலாகவே தெரியும், கோட்டோ நீளச் சட்டையோ மேலே வந்தால் மறைந்துவிடும். கொடுக்கும்போது துவைத்துக் கொடுங்கள், வழக்கமாகப் போடுகிற பெல்ட்டையும் ஷூவையும் போட்டுக்கொண்டு போங்கள், நின்றபடி ஒரு தடவை, உட்கார்ந்தபடி ஒரு தடவை, இரண்டு தடவை இடுப்பை அளக்கச் சொல்லுங்கள், இரண்டில் கூடுதலாக வருவதை வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.